பைத்தான் வகுப்பு: ஃபைல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை

கேள்வி:
புதியவர்களுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நிரலுக்குப் போவதற்கு முன்பே மாட்டிக்கொள்கிறோம். "டேட்டா ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது?" என்று கேட்டால், "டவுன்லோட் பண்ணிட்டேனே" என்கிறார்கள். ஃபோனில் விரல்கள் பறக்கின்றன. பாத், அதாவது ஃபைல் இருக்கும் இடத்தின் முழு முகவரி, என்றால் முழிக்கிறார்கள். ஒருவர் சிஎஸ்வி (அட்டவணைத் தரவு ஃபைல்) என்று நினைத்துச் சேமித்த ஃபைலின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி (சாதாரண எழுத்து ஃபைலின் அடையாளம்) ஒட்டிக்கொண்டிருக்கிறது, திரையில் அது தெரியவே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1:
அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஐஃபோன் வந்தது 2007இல். ஃபைல்ஸ் ஆப் அதில் வந்தது 2017இல். ஃபோல்டரையே கண்ணில் காட்டாத கருவியில் பழகியவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? ஃபைல் பெயரின் கடைசியில் அதன் வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷனை மறைப்பதும் விண்டோஸின் வேலைதான். 2000இல் ஐலவ்யூ வைரஸ் அதை வைத்துத்தான் ஏமாற்றியது: பார்த்தால் டிஎக்ஸ்டி, உள்ளே விபிஎஸ், அதாவது திறந்தால் ஓடிவிடும் நிரல். இன்றும் நாமாகப் போய் மாற்றினால்தான் உண்டு.

பதில் 2:
நிரல் எழுதுபவருக்குச் சரி. என் அம்மா வீடியோ காலில் பேசுகிறார், பில் கட்டுகிறார். ஃபோல்டர் தெரியாததால் என்ன குறைந்துவிட்டது?

பதில் 3:
எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை ஒன்றும் குறையாது. 2009இல் அமேசான், தான் விற்ற சில மின்நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்நூல் கருவியிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக்கொடுத்தது. புத்தகத்தோடு சேர்த்துக் குறிப்பு எழுதிவைத்திருந்த ஒரு மாணவருக்கு அந்தக் குறிப்புகள் பயனில்லாமல் போயின, வழக்கும் வந்தது. தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளத் தெரிவது அம்மாவுக்கும் வேண்டும், பேரப்பிள்ளை படங்களுக்காகவாவது.

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதல் நாள் நிரலே வேண்டாம். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். நோட்பேடில் சேமிக்கும்போது டைப்பை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றச் சொல்லுங்கள், அந்த டிஎக்ஸ்டி வால் ஒட்டாது. அப்புறம் நெட்டைத் துண்டித்துவிட்டு அவரவர் ஃபைல்களைத் திறக்கச் சொல்லுங்கள். எது டிஸ்கில் இருக்கிறது, எது கிளவுடில் (இணையம் வழியே எட்டும் வேறொரு கணினியில்) மட்டும் இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நான் மணிக்கணக்கில் விளக்கியும் ஏறாதது இதில் ஏறியது.

கேட்டவர்:
நெட்டைத் துண்டிப்பது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. சிலருடைய டெஸ்க்டாப்பே மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் இருக்கிறது. பாத் ஆளுக்கு ஒரு மாதிரி வருகிறதே?

பதில் 3:
டெஸ்க்டாப்பைத் தொடாதீர்கள். சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர், எல்லோருக்கும் ஒரே பெயர். பெயரில் இடைவெளி வேண்டாம்.