எங்க பாட்டனி சார் பத்தி, தெரிஞ்சவங்க எழுதுங்க

*94 பேட்ச்*
போன வாரம் சார் தவறிட்டார், வயசு 81. திருச்சில அவர்கிட்ட படிச்சவங்க இங்க சில பேராவது இருப்பீங்க. பேரு போட வேணாம்னு அவர் பொண்ணு சொல்லிருக்காங்க, வெங்காயம்னு சொன்னாலே உங்களுக்குப் புரிஞ்சிடும். பிராக்டிகல்ல மைட்டாசிஸ், அதான் செல் ரெண்டா பிரியறத, பாக்க வெங்காய வேர் வேணும்ல, ரெண்டு மூணு நாள் முன்னாடியே பாட்டில் வாயில வெங்காயத்த உக்கார வெச்சு வேர் விட வைக்கணும், அதெல்லாம் சார் வீட்லேர்ந்தே கொண்டு வந்துடுவார். "பாத்து வெட்டுங்கடா, வேர்தான் உங்களுக்கு, வெங்காயம் எங்க வீட்டம்மாவுக்கு"ம்பார். ஜோக்குனு நெனச்சோம், ஆனா சாயங்காலம் நெஜமாவே மஞ்சப்பைல போட்டு எடுத்துட்டுப் போவார் மனுஷன்.

2012ல கல்யாணப் பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குப் போனேன். அடுக்களைல எல்லா டப்பாவுலயும் ஹெர்பேரியம் ஷீட்டுல, அதான் காஞ்ச செடிய ஒட்டி வெக்கிற தாள்ல, ஒட்டுற மாதிரி லேபிள். மேல பெரிய எழுத்துல சீரகம், கீழ தாவரவியல் பேர் குமினம் சைமினம், குடும்பம் ஏபியேசி, சேகரித்த இடம் காந்தி மார்க்கெட், தேதி. சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கல. அவர் வீட்டம்மா, டீச்சரம்மாவுக்கு மறதி நோய், உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாம போக ஆரம்பிச்சிருந்துச்சுனு அப்புறம்தான் சொன்னார். காபி அவரே போட்டார். சுமார்தான்.

*உறையூர் பொண்ணு*
நான் அவர்கிட்ட படிக்கல, ரெண்டு வீடு தள்ளி இருந்தோம், எனக்கு அவர் மாமா. அத்தை ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு, ஆனாலும் காலைல எட்டு மணியானா ஸ்கூலுக்கு நேரமாச்சுனு பதற ஆரம்பிச்சிடுவாங்க. மாமா ஒருநாளும் இல்லன்னு சொன்னதில்ல. புடவை கட்டி விட்டு, கொசுவம் சரியா வரலன்னா எங்கம்மாவ கூப்பிட்டு, ஹேண்ட்பேக்ல சாக்பீஸ் டப்பா வெச்சு, கையப் புடிச்சு ஸ்கூல் கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போய் "இன்னைக்கு லீவாம், வா போலாம்"னு திரும்பக் கூட்டிட்டு வருவார். ஞாயித்துக்கிழமையும்தான். அத்தை 2018ல போற வரைக்கும், மழை நாள் தவிர.

*கொல்லிமலை*
எல்லாரும் நல்லதாவே எழுதுறீங்க, நான் ஒரு வருத்தத்தையும் சொல்லிடறேன். சார் புல் வகைகள்ல பெரிய ஆளா வந்திருக்க வேண்டியவர். கொல்லிமலைக்கு எங்களை கூட்டிட்டுப் போனப்ப செங்காந்தள் இலை நுனிய விரல்ல சுத்திக் காட்டினார், இலையே பற்றுக்கம்பியா மாறி பக்கத்துச் செடிய புடிக்குது பாருன்னு, இன்னும் கண்ணுல நிக்குது. ஆனா ராத்திரி மட்டும் தங்க மாட்டார், 70 கொண்டை ஊசி வளைவையும் இருட்டுல இறங்கி வீடு போய் சேரணும், பொண்ணு தூங்காதாம். ரிட்டயர் ஆனப்புறம் அந்தப் புல் வேலைய முடிப்பார்னு நெனச்சேன், அதுக்குள்ள வீட்ல இப்படி. தப்புன்னு சொல்லல. ஆனா எங்க துறைக்கு நஷ்டம், அதையும் சொல்லத்தான வேணும்.

*94 பேட்ச்*
அந்தப் புல்லெல்லாம் எங்க போச்சுனு நெனக்கிறீங்க? நேத்து அவர் பொண்ணு கட்டிலுக்கு அடியிலேர்ந்து இழுத்துக் காட்டினாங்க, நியூஸ்பேப்பருக்கு நடுவுல கட்டுக்கட்டா, பாதி பூச்சி அரிச்சிருக்கு. ஒண்ணுலயும் லேபிள் இல்ல! மல்லி டப்பாவுக்கு லேபிள் எழுதின மனுஷன் இதுக்கு எழுதல. எந்த ஊர்ல எந்த தேதில பறிச்சதுனு இல்லன்னா அது வெறும் காஞ்ச புல்லுதான், யாரும் வாங்க மாட்டாங்க. திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல காஞ்ச செடிகள சேத்து வெக்கிற ராபினாட் ஹெர்பேரியத்துல கேட்டுப் பாக்கலாமானு யோசிக்கிறேன், மேத்யூ ஃபாதர் 1967ல ஆரம்பிச்ச இடம், சார் எங்களை அங்க கூட்டிட்டுப் போய் சத்தம் போடாம நிக்க வெச்சிருக்கார்.

*கொல்லிமலை*
ஃபீல்டு நோட்டு இருக்கானு கேளுங்க மொதல்ல. பேப்பர் ஓரத்துல நம்பர் போட்டிருப்பார்.

*94 பேட்ச்*
நம்பர் இருக்கு. நோட்டும் நாலு இருக்கு, அரிசி டப்பா பக்கத்துல இருந்துச்சு. ஆனா கையெழுத்து ஒரு வரி கூட புரியல.

*கொல்லிமலை*
எனக்குப் புரியும். என் ரெக்கார்டு நோட்ட மூணு தடவ திருப்பி எழுத வெச்சவர் அவர். ஞாயித்துக்கிழமை காலைல வரேன், நாப்தலின் உருண்டை வாங்கி வைங்க.