உறைந்து நிற்கும் கேவிஎம் சர்வர்: கெர்னல் டீபக்கரை எந்தப் பக்கத்திலிருந்து மாட்டுவது?

நள்ளிரவுக்காவல் கேட்டது:

வணக்கம். கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகர் இயந்திர வசதி) மீது இயங்கும் ஒரு தரவுத்தள சர்வர் மூன்று வாரமாக என் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. 8 விசிபியு (மெய்நிகர் சிபியு), 32 ஜிபி நினைவகம், 5.14 லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), விர்ட்ஐஓ வகை மெய்நிகர் வட்டு. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகளில் அது அப்படியே உறைந்துவிடுகிறது. பிங் அனுப்பினால் அரை மில்லிநொடிக்குள் பதில் வருகிறது. எஸ்எஸ்எச் வழியாக நுழைய முயன்றால் இணைப்பு ஏற்படுகிறதே தவிர, கடவுச்சொல் கேட்கும் இடம்வரை வருவதில்லை. முன்பே திறந்து வைத்திருந்த ஒரு டெர்மினலில் லோட் ஆவரேஜ் 180ஐத் தாண்டியதைப் பார்த்தேன். ஆனால் சிபியு உண்மையில் செய்யும் வேலை 3 விழுக்காடுகூட இல்லை. சில இரவுகளில் ஏழெட்டு நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. சில இரவுகளில் பொறுமை இழந்து நாங்களே ரீசெட் செய்துவிடுகிறோம்.

இந்த மெய்நிகர் இயந்திரத்தை, அதாவது கெஸ்டை, தாங்கி ஓட்டும் ஹோஸ்ட் இயந்திரத்தைப் பராமரிப்பது வேறு குழு. "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் கெஸ்ட் கெர்னலைப் பாருங்கள்" என்பதே அவர்களுடைய நிலையான பதில். சரி, பார்த்துவிடுவோம் என்று, கியூஎமு (மெய்நிகர் வன்பொருளை உருவாக்கி ஓட்டும் நிரல்) மானிட்டர் வழியாக 1234ஆம் போர்ட்டில் ஜிடிபி என்ற டீபக்கருக்கான (ஓடும் நிரலின் உள்நிலையைப் பார்க்கும் கருவி) சர்வரைத் திறந்து தரச் சொல்லி, உறைந்திருந்த நேரத்தில் ஜிடிபியை இணைத்தேன். இரண்டு விபரீதங்கள் நடந்தன. இணைத்த கணமே இயந்திரம் முழுவதும் நின்றுபோனதால், அதுவரை பிங் பதிலை நம்பிப் பொறுமையாக இருந்த ரெப்ளிகா (தரவின் நகலை வைத்திருக்கும் மாற்று சர்வர்), முதன்மை சர்வர் இறந்துவிட்டதென்று முடிவு கட்டித் தானே முதன்மையாகிவிட்டது. நான் மறுபடி ஓடவிட்டதும் இரண்டு முதன்மைகள் எழுந்து நின்றன. அதைச் சீர்செய்யவே மறுநாள் பாதி போயிற்று. இவ்வளவுக்கும் பிறகு டீபக்கரில் கிடைத்தது என்னவென்றால், வெறும் எட்டு த்ரெட்டுகளும் அவற்றின் பேக்ட்ரேஸில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில்) வரிசையாகக் கேள்விக்குறிகளும்தான். என் நூற்றுக்கணக்கான ப்ராசஸ்கள் எங்கே போயின? இதை முறையாகச் செய்வது எப்படி?

பழைய_யுனிக்ஸ்காரர் எழுதியது:

நண்பரே, நீங்கள் கண்டது பிழையன்று. கியூஎமு திறந்து தரும் ஜிடிபி வாசல் கெஸ்டுக்குள் இருக்கும் இயங்குதளத்தை அறியாது. அது அறிந்தது மெய்நிகர் வன்பொருளை மட்டுமே. அதன் கணக்கில் த்ரெட் என்றால் ஒரு விசிபியு, ஆகவே எட்டுதான் தெரியும். வட்டுக்காகக் காத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் எந்த விசிபியுவிலும் இருக்காது. கெர்னல் நினைவகத்தில் ஒரு டாஸ்க் ஸ்ட்ரக்டாக (அந்த ப்ராசஸ் பற்றிய பதிவாக) கிடக்கும். எனவே உங்கள் பேக்ட்ரேஸ் சரியாகவே வந்திருந்தாலும், வேலையின்றிச் சும்மா இருக்கும் எட்டு சிபியுக்களைத்தான் பார்த்திருப்பீர்கள். கேள்விக்குறிகளுக்குக் காரணம் பெரும்பாலும் கெர்னலின் முகவரிக் கலைப்பு (கேஏஎஸ்எல்ஆர்). 2017இல் வெளிவந்த 4.12 முதல் எக்ஸ்86இல் அது இயல்பாகவே செயலில் இருக்கிறது. ஒவ்வொரு பூட்டிலும் கெர்னல் வேறோர் இடத்தில் குடியேறுவதால், ஜிடிபி கையில் வைத்திருக்கும் சிம்பல் அட்டவணை (ஃபங்ஷன் பெயர்களின் முகவரிப் பட்டியல்) பொருந்தாமல் போகிறது.

பிங் வருவதும் எஸ்எஸ்எச் வராததும் நல்ல தடயம். பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னலின் நெட்வொர்க் அடுக்கு. அதற்கு வட்டு தேவையில்லை. டிசிபி கைகுலுக்கலும் அப்படித்தான். அதற்குப் பிறகு எஸ்எஸ்எச் சேவை கோப்புகளைப் படிக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும்; அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. லினக்ஸின் லோட் ஆவரேஜ், குறுக்கிட முடியாத தூக்கத்தில் இருக்கும் ப்ராசஸ்களையும் சேர்த்தே எண்ணும் என்பதால், சிபியு சும்மா இருக்கையில் லோட் 180 என்றால் ஏறக்குறைய 180 பேர் எதற்கோ வரிசையில் நிற்கிறார்கள் என்று பொருள்.

அவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று பார்க்க உயிரோடு இருக்கும் இயந்திரத்தில் டீபக்கரை மாட்ட வேண்டியதில்லை. உறைந்த நேரத்தில் ஹோஸ்டிலிருந்து விர்ஷ் டம்ப் கட்டளையை மெமரி ஒன்லி தெரிவோடு கொடுக்கச் சொல்லுங்கள். கெஸ்டின் நினைவகம் முழுவதும் ஒரு கோப்பாகக் கிடைக்கும். அதைக் கிராஷ் என்ற கருவியில், அதே கெர்னல் பதிப்புக்கான டீபக்இன்ஃபோ தொகுப்போடு வந்த விஎம்லினக்ஸ் கோப்புடன் (டீபக் தகவலோடு கூடிய கெர்னல் கோப்பு) திறக்க வேண்டும். "அதே பதிப்பு" என்பதை அழுத்திச் சொல்கிறேன்: கடைசியாக நிறுவப்பட்ட கெர்னலுக்கு உரியது இங்கே உதவாது, அந்த இரவில் ஓடிக்கொண்டிருந்த கெர்னலுக்கு உரியதே வேண்டும். முகவரிக் கலைப்பைக் கிராஷ் பெரும்பாலும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். தடுமாறினால் கேஏஎஸ்எல்ஆர் தெரிவுக்கு ஆட்டோ என்று கொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. டம்ப் எடுக்கும்போதும் இயந்திரம் நிற்கும். நொடிக்கு 200 எம்பி எழுதும் வட்டு என்றால் 32 ஜிபிக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் நிமிடம் ஆகும், ஆகவே ரெப்ளிகாவின் தானியங்கிப் பதவியேற்பை முதலில் நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே உறைந்துபோன சர்வரை நிறுத்துவதால் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. அடுத்தது, கெஸ்டின் வட்டு எந்தச் சேமிப்பகத்தில் இருக்கிறதோ, அதே சேமிப்பகத்தில் டம்ப்பை எழுதச் சொல்லாதீர்கள். சந்தேகமே அதன்மேல்தான்.

பைட்டுக்கிளி எழுதியது:

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? கெஸ்டிலேயே கேடம்ப்பை (கெர்னல் விழும்போது நினைவகத்தைச் சேமிக்கும் வசதியை) அமைத்து, அடையாளம் தெரியாத என்எம்ஐ (சிபியு புறக்கணிக்க முடியாத இன்டரப்ட்) வந்தால் பேனிக் ஆகும்படி (கெர்னல் தானே விழும்படி) சிஸ்கன்ட்ரோலில் ஓர் அமைப்பை மாற்றி வைத்தால் போதும். உறையும்போது ஹோஸ்டிலிருந்து ஓர் என்எம்ஐயைச் செலுத்தினால், கெஸ்ட் தானாகவே பேனிக் ஆகி, ஒதுக்கி வைத்த நினைவகத்தில் இரண்டாவது கெர்னல் எழுந்து, வேண்டாத பக்கங்களை வடிகட்டி, சிறிய கோப்பாகவே எழுதித் தந்துவிடும். எத்தனையோ ஆண்டுகளாக வெறும் இரும்பில் (மெய்நிகராக்கமின்றி நேரடியாக வன்பொருளில்) ஓடும் சர்வர்களுக்கு நாங்கள் செய்வது இதுதான். 32 ஜிபி கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

பழைய_யுனிக்ஸ்காரர் எழுதியது:

வேறு வேளையில் நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். குறிப்பாக ஏஎம்டி எஸ்இவி போன்ற வசதியால் கெஸ்டின் நினைவகம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், ஹோஸ்ட் எடுக்கும் டம்ப்பில் இருப்பது மறையெழுத்து மட்டுமே. அங்கே கேடம்ப் தவிர வழியில்லை. ஆனால் இந்த வழக்கில் சந்தேகத்துக்குரியது வட்டு. இரண்டாவது கெர்னல் எழுந்து, பதில் தராத அதே விர்ட்ஐஓ வட்டில் எழுதப் போய், அதுவும் அங்கேயே உறைந்து நிற்கும். கேடம்ப்பின் இலக்கை நெட்வொர்க்குக்கு மாற்றினால் ஒழிய இங்கே அது கைகொடுக்காது. மேலும், பேனிக் ஆகிவிட்டால் தானாகச் சரியாகிறதா என்று பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

சாளரக்காரன் எழுதியது:

ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் இயந்திர வசதி) வைத்திருப்போர் இத்திரியைத் தேடி வரக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோஸ்டின் பவர்ஷெல்லில் டீபக்-விஎம் கட்டளையால் என்எம்ஐயைச் செலுத்தினால், விண்டோஸ் கெஸ்ட் 0எக்ஸ்80 என்ற நிறுத்தக் குறியோடு விழுந்து டம்ப் எழுதும்; அதை விண்டிபக்கில் திறக்கலாம். விழ வைக்காமலே பார்க்க வேண்டுமானால் சிஸ்இன்டர்னல்ஸின் லைவ்கேடி ஹோஸ்டிலிருந்தே கெஸ்டின் நினைவகத்தைப் படிக்கும். கெஸ்டில் டீபக் முறையை நிரந்தரமாக இயக்க நினைப்பவர்கள், செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கும் என்பதையும், பிட்லாக்கர் (வட்டு மறையாக்கம்) இருந்தால் அதை முன்பே இடைநிறுத்தாவிட்டால் அடுத்த பூட்டில் மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நள்ளிரவுக்காவல் எழுதியது:

நேற்று இரவு 2.20க்கு மறுபடியும் உறைந்தது. ரெப்ளிகாவைக் கட்டிப்போட்டுவிட்டு, ஹோஸ்டின் உள்வட்டில் டம்ப் எடுக்கச் சொன்னேன். கிராஷில் திறந்து, குறுக்கிட முடியாத தூக்கத்தில் இருக்கும் எல்லா ப்ராசஸ்களின் பேக்ட்ரேஸையும் கேட்டேன். 171 பேர். தரவுத்தள ப்ராசஸ்களில் பெரும்பாலானவை எஃப்சிங்க் (எழுதியதை வட்டில் உறுதிசெய்யக் கேட்கும்) அழைப்பில் நுழைந்து, ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தின் ஜர்னல் (மாற்றக் குறிப்பேடு) கமிட் முடியட்டும் என்று காத்திருக்கின்றன. அந்த ஜர்னல் த்ரெட்டைத் தேடிப் போனால், அதுவும் ஐஓ (வட்டில் படிக்கும், எழுதும் வேலை) முடிவதற்காகத் தூங்குகிறது. அதற்கு மேல் ஸ்டாக்கில் ஒன்றுமில்லை. இதைக் காட்டியபோது ஹோஸ்ட் குழு, "பார்த்தீர்களா, உங்கள் ஃபைல்சிஸ்டம்தான்" என்கிறது.

பழைய_யுனிக்ஸ்காரர் எழுதியது:

ஃபைல்சிஸ்டத்தைக் குறை சொல்வதற்கு இன்னும் நேரம் வரவில்லை. ஜர்னல் த்ரெட்டே ஐஓவுக்காக நிற்கிறதென்றால், கேள்வி ஒரு படி கீழே இறங்குகிறது: கெஸ்ட் கேட்ட ஐஓவை ஹோஸ்ட் முடித்துக் கொடுத்ததா, இல்லையா? உங்கள் கையில் இருக்கும் கோப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது.

விர்ட்ஐஓ வட்டு என்பது கெஸ்டும் ஹோஸ்டும் சேர்ந்து பார்க்கும் ஒரு வளையம். அந்த வளையம் கெஸ்டின் நினைவகத்திலேயே இருக்கிறது. கெஸ்ட் ஒரு வேண்டுகோளை வைக்கும்போதெல்லாம் அவெய்ல் இன்டெக்ஸை ஒன்று கூட்டும். ஹோஸ்ட் ஒன்றை முடிக்கும்போதெல்லாம் யூஸ்டு இன்டெக்ஸை ஒன்று கூட்டும். முடிந்தவற்றுள் எதுவரை தான் வாங்கிக்கொண்டேன் என்பதைக் கெஸ்டின் டிரைவர் லாஸ்ட் யூஸ்டு இன்டெக்ஸ் என்று தனியே குறித்து வைத்திருக்கும். பால்காரரும் வீட்டுக்காரரும் ஒரே அட்டையில் கணக்கு எழுதுவதைப் போன்றது இது. யார் பாக்கி என்று அட்டையே சொல்லும்.

கிராஷில் வட்டுகளின் பட்டியலை எடுத்து, உரிய ஜென்டிஸ்க்கின் (வட்டு பற்றிய கெர்னல் பதிவின்) பிரைவேட் டேட்டா சுட்டியைப் பின்தொடர்ந்தால் விர்ட்ஐஓ பிளாக் ஸ்ட்ரக்சர் வரும். அதிலுள்ள ஒவ்வொரு வரிசைக்கும் விரிங் விர்ட்கியூ என்ற ஸ்ட்ரக்சர் உண்டு. வரிசைக்குத் தரப்பட்ட முகவரியையே அதற்கும் கொடுக்கலாம், ஏனெனில் பொது வரிசை அதன் முதல் உறுப்பு. அங்கே அந்த மூன்று எண்களையும் பாருங்கள். யூஸ்டு முன்னேறி, லாஸ்ட் யூஸ்டு பின்தங்கி இருந்தால், ஹோஸ்ட் வேலையை முடித்துவிட்டது, கெஸ்ட்தான் அறியவில்லை. இன்டரப்ட் தொலைந்திருக்கலாம், அல்லது அதைக் கவனிக்க வேண்டிய சிபியு மாட்டியிருக்கலாம். யூஸ்டும் லாஸ்ட் யூஸ்டும் சமமாக இருந்து, அவெய்ல் மட்டும் முன்னே நின்றால், பந்து ஹோஸ்ட் பக்கம். இவை 16 பிட் எண்கள், 65535க்குப் பிறகு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும் என்பதைக் கழிக்கும்போது நினைவில் கொள்ளுங்கள். உங்கள் வட்டு பேக்டு வகை வளையத்தைப் பயன்படுத்தினால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

நள்ளிரவுக்காவல் எழுதியது:

அவெய்ல் 41207. யூஸ்டு 41079. லாஸ்ட் யூஸ்டும் 41079.

வித்தியாசம் 128. எங்கள் வளையத்தின் அளவும் 128. அதாவது வளையம் நிரம்பி வழிகிறது, ஹோஸ்ட் ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. இந்த மூன்று எண்களை மட்டும் மின்னஞ்சலில் எழுதி ஹோஸ்ட் குழுவுக்கு அனுப்பினேன். மூன்று வாரமாகக் கிடைக்காத ஒத்துழைப்பு ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.

இன்று அதிகாலை உறைந்தபோது அவர்கள் கியூஎமு ப்ராசஸின் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ப்ராக் அடைவில் இருக்கும் ஸ்டாக் கோப்பைப் படித்தார்கள். அதற்கு டீபக்கர்கூடத் தேவைப்படவில்லை. வட்டுக் கோப்பில் எழுதப் போன த்ரெட்டுகள் அனைத்தும் என்எஃப்எஸ்ஸுக்குள் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) நுழைந்து, ஆர்பிசி (தொலை சர்வருக்கு அனுப்பிய வேண்டுகோள்) பதிலுக்காகக் காத்திருந்தன. எங்கள் வட்டு என்எஃப்எஸ் மீது இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதே ஹோஸ்டில் உள்ள மற்ற இரண்டு சர்வர்களும் உள்வட்டில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேமிப்பகத்துக்குப் போகும் இணைப்பு இரண்டு சுவிட்ச்கள் வழியாக, ஒன்று விழுந்தால் மற்றொன்று என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது. முதல் சுவிட்ச்சின் கேபிள் ஒன்று அவ்வப்போது துண்டித்துச் சேர்கிறது. அப்படித் துண்டிக்கும்போது போக்குவரத்து இரண்டாவது சுவிட்ச்சுக்கு மாறுகிறது. அங்கே அந்தப் போர்ட்டின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 9000க்கு உயர்த்தப்படாமல் 1500இலேயே விடப்பட்டிருந்தது. சிறிய பாக்கெட்டுகள் போய்விடுகின்றன, வட்டில் எழுத அனுப்பும் பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் தொலைகின்றன. துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பார்த்ததும் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கேபிள் திரும்பி ஒட்டிக்கொண்டதும் எல்லாம் தானாகச் சரியானதற்கும் இதுவே காரணம்.

இதில் எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. "என்எஃப்எஸ் சர்வர் பதிலளிக்கவில்லை, தொடர்ந்து முயல்கிறேன்" என்ற வரி ஹோஸ்டின் கெர்னல் லாகில் மூன்று வாரமாக, உறைந்த ஒவ்வோர் இரவும் தவறாமல் பதிவாகியிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

பைட்டுக்கிளி எழுதியது:

கேடம்ப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் அடுத்த முறைக்காக நெட்வொர்க் இலக்கோடு அமைத்து வையுங்கள்.

பழைய_யுனிக்ஸ்காரர் எழுதியது:

ஹோஸ்டின் லாகை அவர்கள் முதலிலேயே பார்த்திருந்தால் இந்தத் திரியே பிறந்திருக்காது; ஆனால் அந்த மூன்று எண்கள் போகாமல் அவர்கள் அதைத் திறந்திருக்கவும் மாட்டார்கள். ஒன்று கேட்க வேண்டும்: அந்த 32 ஜிபி டம்ப் இப்போது எங்கே இருக்கிறது? தரவுத்தளத்தின் நினைவகம் முழுவதும், வாடிக்கையாளர் பதிவுகள், கடவுச்சொற்கள், டிஎல்எஸ் சாவிகள் உட்பட, அதில் அப்படியே இருக்கும்.

நள்ளிரவுக்காவல் எழுதியது:

ஹோஸ்டின் உள்வட்டில், எல்லோரும் படிக்கக்கூடிய ஓர் அடைவில் இருந்தது. நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. இப்போது அழித்தாயிற்று, அதுவரை அந்த ஹோஸ்டில் யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.