வேலை ஓடாத நாட்கள்: சிலருடைய அனுபவங்கள்

ஒரு மொழிபெயர்ப்பாளர்:

நண்பர்களுக்கு வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை, செய்ய வேண்டிய வேலை கண்முன்னே இருக்கிறது, அதற்கான நேரமும் இருக்கிறது. ஆனாலும் காலையிலிருந்தே மனம் எதிலும் ஒட்டாமல் விலகி நிற்கும் நாட்கள் நம் எல்லோருக்கும் வருகின்றன. அப்படிப்பட்ட நாட்களை நீங்கள் எவ்வாறு கடந்தீர்கள் என்பதை, அறிவுரையாக அல்லாமல் நடந்தது நடந்தபடி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரக் கையேடுகளையும் ஒப்பந்தங்களையும் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பது என் தொழில். அருகில் மேலாளரோ சக ஊழியரோ இல்லாததால், என் வேலை ஓடவில்லை என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது; அதனாலேயே ஒரு மந்தமான காலை, யாரும் தடுக்காமல், முழு நாளாக நீண்டுவிடும். நீண்ட ஒப்பந்தம் ஒன்று பாதியில் நின்றிருந்த சமயத்தில், இத்துறையில் என்னைவிட மிகவும் மூத்த ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன். ஊக்கம் தரும் சொற்களை நான் எதிர்பார்த்திருந்தேன். அவரோ, "நேற்று எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒரு பிரிவை முழுமையாக முடித்துவிட்டு எழுந்தேன் என்று பெருமையாகவே சொன்னேன். "முடித்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வாக்கியத்தின் பாதியில் எழுந்து பாருங்கள்" என்றார்.

முதலில் எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. பாதியில் விட்ட வாக்கியம் இரவு முழுவதும் மனத்தின் ஓரத்தில் கிடந்தது. ஆனால் காலையில் உட்கார்ந்ததும், என்ன செய்வது என்று யோசிப்பதற்கு முன்பே விரல்கள் அந்த வாக்கியத்தை முடித்திருந்தன. ஒன்றை முடித்தபின் அடுத்ததை எழுதாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. பிறகு படித்தபோது, எர்னஸ்ட் ஹெமிங்வேயும் அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே அன்றைய எழுத்தை நிறுத்துவதை வழக்கமாகக் கொண்டிருந்தார் என்று அறிந்தேன். உளவியலாளர் மரியா ஓவ்சியான்கினா 1928-இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு பொருந்துகிறது: சிறு வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களை நடுவில் தடுத்து நிறுத்திவிட்டுப் பின்னர் அவர்கள் போக்கில் விட்டபோது, யாரும் சொல்லாமலேயே பெரும்பாலானோர் விட்ட வேலைக்குத் திரும்பினார்கள்.

இதில் ஒரு வரம்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்து, தையல், நிரல் எழுதுதல் போலத் தொடர்ச்சி உள்ள வேலைகளுக்கே இது பயன்படுகிறது. கட்டணச் சீட்டு அனுப்புவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது போன்ற துண்டு வேலைகளை நடுவில் நிறுத்தினால் குழப்பமே மிஞ்சுகிறது. அவற்றுக்கு இன்னும் எனக்கு வழி பிடிபடவில்லை. அதை அறிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

ஓர் ஆய்வு மாணவி:

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. துண்டு வேலைகளைப் பற்றி அவர் கேட்டதற்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். ஆனால் அதற்கு முன், ஒரு நாள் வீணான பிறகு வரும் அடுத்த நாளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். என் அனுபவத்தில் அதுதான் உண்மையிலேயே கடினமான நாள். முதல் நாள் வெறும் சோர்வு. இரண்டாம் நாள் அந்தச் சோர்வின்மேல் குற்றவுணர்வும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விட்டதையும் சேர்த்து இன்றே முடித்துவிட வேண்டும் என்று இரண்டு மடங்கு பெரிய பட்டியலைப் போடுகிறோம். பட்டியலின் அளவைக் கண்டே மனம் பின்வாங்குகிறது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நடுப்பகுதி இப்படித்தான் வாரக்கணக்கில் நகராமல் கிடந்தது.

என் நெறியாளர் கண்டிப்பானவர். எழுதாததற்குக் காரணம் கேட்பார் என்று அஞ்சியபடியே அவர் அறைக்குச் சென்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அச்சுப் பிரதியை எடுத்து நீட்டினார். அது சார்ல்ஸ் டார்வின் 1861 அக்டோபர் 1 அன்று தம் நண்பரும் நிலவியல் அறிஞருமான சார்ல்ஸ் லையலுக்கு எழுதிய கடிதம். அன்று தமக்கு உடல்நலம் மோசமாக இருப்பதாகவும், புத்தி மழுங்கிக் கிடப்பதாகவும், எல்லோர்மீதும் எல்லாவற்றின்மீதும் வெறுப்பாக இருப்பதாகவும் டார்வின் அதில் எழுதியிருக்கிறார். அப்போது அவர் ஆர்க்கிட் மலர்களைப் பற்றி ஒரு நூல் எழுத முனைந்திருந்தார். அன்றைக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஆர்க்கிட்டுகளைத்தான் அதிகம் வெறுப்பதாகவும் சொல்கிறார். அந்த நூல் மறு ஆண்டே, 1862-இல், வெளிவந்தது. நெறியாளர் இதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அப்படி ஒரு மனிதருக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கிறது என்று அறிந்த அந்தக் கணத்தில் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை என்னால் இன்றும் உணர முடிகிறது.

இதை வெறும் ஆறுதல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்ட கல்லூரி மாணவர்கள், அடுத்த தேர்வுக்குப் படிப்பதைக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று கண்டறிந்திருக்கிறார்கள். தன்னைக் கடிந்துகொள்வதுதான் ஒழுக்கம் என்று நம்பி வளர்ந்த எனக்கு இது ஏற்றுக்கொள்ளச் சற்றுக் கடினமாக இருந்தது. இப்போது நான் வீணான நாளை ஈடுகட்ட முயல்வதில்லை. அந்த நாளின் வேலையை வாரத்தின் மற்ற நாட்களில் பிரித்துப் போடுகிறேன், அல்லது விட்டுவிடுகிறேன். இன்றைய பட்டியலில் இன்றைய வேலை மட்டுமே இருக்கிறது.

அந்தச் சந்திப்பின் முடிவில் நெறியாளர் என் பட்டியலைப் பார்த்தார். அதில் "மூன்றாம் இயல்" என்று எழுதியிருந்தேன். "இது வேலை இல்லை, வேலையின் பெயர்" என்று சொல்லி அதை அடித்துவிட்டு, "காலையில் கணினியைத் திறந்ததும் இரண்டாம் அட்டவணைக்குக் கீழே ஒரு பத்தி" என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். நண்பர் கேட்ட துண்டு வேலைகளுக்கும் இதே முறையைத்தான் நான் பின்பற்றுகிறேன். "இன்று மின்னஞ்சல்கள்" என்று எழுதாமல், "மதிய ஓய்வு முடிந்து நாற்காலியில் அமர்ந்ததும், பழைய மின்னஞ்சலிலிருந்து தொடங்கி மூன்றுக்குப் பதில்" என்று எழுதுகிறேன். இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதன் பயனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், இத்தகைய திட்டங்கள் எண்ணியதைச் செய்து முடிக்கக் கணிசமாக உதவுவதாகக் காட்டியிருக்கிறார்கள். மந்தமான நாளில் முடிவெடுக்கும் வலுதான் முதலில் குறைகிறது என்பதால், அந்த முடிவை முந்தைய நாளே எடுத்து வைத்துவிடுவது எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கிறது.

ஒரு செவிலியர்:

நீங்கள் இருவரும் மனத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் உறக்கத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் பணியில் சோம்பல் என்று பெயர் பெறுவதில் பெரும்பகுதி உறக்கக் குறைவுதான் என்பது என் உறுதியான கருத்து.

இரவுப் பணியும் பகல் பணியும் மாறிமாறி வரும் வாழ்க்கை எங்களுடையது. விடுப்பு நாளில் படிக்க வேண்டிய பயிற்சிப் பாடங்கள் அப்படியே கிடக்கும். நான் ஊக்கமில்லாதவளாகிவிட்டேன் என்று ஒருநாள் எங்கள் பிரிவின் மூத்த செவிலியர் அக்காவிடம் வருந்திச் சொன்னேன். "இந்த வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்றார். நாளுக்கு ஆறு மணி நேரம் வரும், அது எனக்குப் போதும், பழகிவிட்டது என்றேன். பழகிவிட்டது என்ற அந்தச் சொல்லைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றி அவர் அப்போது சொன்னார். தொடர்ந்து 14 நாட்கள் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும், இரண்டு இரவுகள் வரை கண்ணே மூடாதவர்களுடைய நிலைக்கு இறங்கியிருந்தன. ஆனால் தங்கள் திறன் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்பதை அவர்களே பெரும்பாலும் உணரவில்லை. பழகிவிட்டது என்று தோன்றுவதே குறைபாட்டின் ஒரு பகுதி என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அன்றிலிருந்து, வேலை ஓடாத நாளில் என்னை நானே குறை கூறும் முன் உறங்கிய நேரத்தைக் கணக்குப் பார்க்கிறேன். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவ வட்டாரத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அந்தக் கணக்கில் பற்றாக்குறை மிகுந்திருந்தால், அன்று படிப்பையும் முடிவெடுக்கும் வேலைகளையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் படுக்கச் செல்கிறேன், அதற்காக வருந்துவதுமில்லை. உறங்க முடியாத சூழ்நிலையில், கண்ணும் கையும் மட்டும் போதுமான வேலைகளை எடுக்கிறேன்: துணி மடிப்பது, கோப்புகளை அடுக்குவது, குறிப்பேட்டைச் சுத்தமாகப் படியெடுப்பது. இந்த வேலைகளின் பட்டியலைத் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் எழுதி வைத்திருக்கிறேன், ஏனெனில் களைத்த மூளைக்கு அதைக்கூட யோசிக்க முடிவதில்லை. களைப்போடு இருப்பவரிடம் மனவுறுதியைப் பற்றிப் பேசுவது கொடுமை என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு கணக்கர்:

செவிலியர் எழுதியதைப் படித்த பிறகே இதை எழுதும் துணிவு வந்தது. எனக்கு வந்தவை தனித்தனி நாட்களாக நிற்கவில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து மாதங்களாகிவிட்டன. கணக்குப் புத்தகங்களைத் திறக்க முடியவில்லை, விருப்பமான இசையும் வெறும் ஓசையாகிவிட்டது, நண்பர்களின் அழைப்பை எடுக்கக் கை எழவில்லை. ஊக்கம் பெறுவதற்கான உரைகள் பலவற்றைக் கேட்டேன். அவை ஒவ்வொன்றும் என்னை இன்னும் தாழ்வாக உணரச் செய்தன.

என் மனைவிதான் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். அவர் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டு சுரப்புக் குறைவும் இரும்புச் சத்துக் குறைவும் இதே போன்ற அயர்ச்சியைத் தரும் என்பதால் அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும் என்றார். இரண்டும் சரியாக இருக்கவே, என்னை மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாட்களிலும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை மந்தமான நாட்கள் என்று சொல்லிக் கடத்தாமல் மருத்துவ உதவி பெற வேண்டும் என்று அந்த ஆலோசகர் விளக்கினார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது, அன்றே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பதை இருமுறை சொன்னார். இதைப் படிக்கும் எவருக்காவது அந்த நிலை இருந்தால், அதே சொற்களை நான் உங்களுக்கும் சொல்கிறேன்.

சிகிச்சையின் ஒரு பகுதியாக அவர் ஓர் எளிய அட்டவணையைத் தந்தார். எந்த நேரத்தில் என்ன செய்வேன் என்பதை முன்கூட்டியே அதில் எழுத வேண்டும். அருகில், அது எவ்வளவு நிறைவு தரும் என்று எதிர்பார்க்கிறேன் என்பதைப் பத்துக்கு ஓர் எண்ணாகக் குறிக்க வேண்டும். செய்த பின் கிடைத்த நிறைவை இன்னொரு எண்ணாகக் குறிக்க வேண்டும். மனம் வந்தால் செய்வது என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. நேரம் வந்தால் செய்வதுதான். நடைப்பயிற்சிக்கு எதிரே எதிர்பார்ப்பு இரண்டு என்று எழுதுவேன். திரும்பி வந்து ஐந்து என்று எழுதுவேன். கணக்கனாகிய எனக்கு அந்த இரண்டு எண்களின் வேறுபாடு எந்தச் சொற்பொழிவையும்விட ஆழமாகப் பதிந்தது: என் சோர்வு எதிர்காலத்தைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டது, அதுவும் ஒரே திசையில். செயல்கள் குறையக் குறைய நிறைவும் குறைந்து, நிறைவு குறைவதால் செயல்கள் மேலும் குறைகின்றன என்று உளவியலாளர் பீட்டர் லூயின்சன் 1970-களில் விளக்கிய சுழற்சியை உடைப்பதற்கான முறை இது என்று பின்னர் அறிந்தேன். நலம் பெற்ற பிறகும், சாதாரணமான மந்த நாட்களில் அந்த அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நிரலாளர்:

என்னுடையது சிறிய குறிப்பு. தனியாக உட்கார்ந்தால் ஓடாத வேலை, இன்னொருவர் அருகில் மௌனமாக வேலை செய்துகொண்டிருந்தால் எனக்கு ஓடுகிறது. வேறு ஊரில் வாழும் தோழி ஒருத்தியும் நானும் காணொளி அழைப்பில் இணைந்துகொண்டு, அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்யவிருப்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ஒலியை நிறுத்திவிட்டு, அவரவர் வேலையில் ஆழ்ந்துவிடுவோம். மணி முடிந்ததும் நடந்ததைச் சொல்வோம். நடக்காததைப் பற்றி மற்றவர் கேள்வி கேட்பதில்லை என்பது எங்களுக்குள் இருக்கும் ஒரே விதி. அந்த விதி இல்லாத வேறொரு குழுவில் முன்பு சேர்ந்திருந்தேன். அங்கே எல்லோரும் தங்கள் சாதனைகளை அடுக்கியதைக் கேட்டு என் சோர்வு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆகவே யாருடன் உட்கார்கிறோம் என்பதை மிகவும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன்.

செவிலியர் சகோதரிக்கு ஒரு வார்த்தை: இரவுப் பணி செய்பவர்களுக்கு இதற்கான துணை கிடைப்பது கடினம் என்று எண்ண வேண்டாம். என் தோழி வாழும் நாட்டில் பகலாக இருக்கும்போது இங்கே இரவு. எங்கள் நேரங்கள் ஒத்துப்போவது வாரத்தில் சில மணிகள்தான். அந்தச் சில மணிகளுக்குத்தான் நாங்கள் இருவரும் மிகவும் தள்ளிப்போட்ட வேலையை எடுத்து வைக்கிறோம்.