பியர்டட் டிராகனுக்குப் பழம்: எது, எவ்வளவு?

கேள்வி
என் பியர்டட் டிராகனுக்கு (வீட்டில் வளர்க்கும் ஒருவகைப் பல்லி) வயது ஒன்றரை. தட்டில் கீரை வைத்தால் தொடுவதில்லை; மேலே மாம்பழம் போட்டால் அதை மட்டும் பொறுக்கித் தின்கிறது. தினமும் பழம் தரலாமா? வாழைப்பழம், திராட்சை பரவாயில்லையா?

பதில் 1
தினமும் கூடாது. வளர்ந்த டிராகனுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சிறு துண்டுகள் போதும். துண்டின் அகலம் அதன் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குள் இருக்கட்டும். கெட்டித் தோல், கொட்டை, விதை எல்லாம் நீக்குங்கள்.

பலரும் எடை கூடுமே என்றுதான் யோசிக்கிறார்கள். பல்தான் முதலில் கெடும். பக்கவாட்டுப் பற்கள் தாடை எலும்போடு ஒட்டியிருப்பவை. போனால் திரும்ப முளைக்காது. மெத்தென்ற இனிப்புப் பழம் பல்லடியில் தங்கினால் ஈறு சிவந்து வீங்கும், கவனிக்காவிட்டால் தாடை எலும்புவரை சீழ் பிடிக்கும்.

பதில் 2
வாழைப்பழத்தில் சிக்கல் கால்சியம். 100 கிராமில் கால்சியம் சுமார் 5 மி.கி., பாஸ்பரஸ் 22 மி.கி. டிராகனின் உணவில் கால்சியம் பாஸ்பரஸைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும், இங்கே தலைகீழ். பாஸ்பரஸ் மிகுந்தால் கால்சியம் உடலில் சேராது, எலும்பு மென்மையாகிவிடும். பப்பாளியில் 20-க்கு 10, அத்திப்பழத்தில் 35-க்கு 14. இவை இரண்டும் நல்ல தேர்வு. திராட்சை எப்போதாவது, நாலாக வெட்டி. யுவிபி விளக்கு (கால்சியம் உடலில் சேர உதவும் புற ஊதாக் கதிர் விளக்கு) பழையதாகிவிட்டால் எந்தப் பழம் தந்தும் பயனில்லை, அதையும் பாருங்கள்.

அவகாடோவும் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டும் ஒரு துண்டுகூட வேண்டாம். ஆரஞ்சு, எலுமிச்சை வகைகள் வயிற்றைக் கலக்கும். தர்பூசணி பெரும்பாலும் தண்ணீர், கழிச்சல் ஆகும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. கீரைக்கு எப்படிப் பழக்குவது? உலர்ந்த அத்தி கொடுக்கலாமா?

பதில் 1
உலர்ந்தது வேண்டாம். சர்க்கரை செறிந்திருக்கும், பல்லிலும் ஒட்டும்.

கீரைக்கு: இரண்டு வாரம் பழத்தை முழுக்க நிறுத்துங்கள். காலையில் விளக்கு போட்டு உடல் சூடேறியதும் முதலில் கீரை, உணவாகத் தரும் பூச்சி பிற்பகலில்தான். பிறகு பழம் தந்தால் துண்டாக வேண்டாம். பழத்தை மசித்து, பொடியாக நறுக்கிய கீரையோடு பிசறிவிடுங்கள், பொறுக்க முடியாது. மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழ ஈ மொய்க்கும். பழம் நிறுத்திய பிறகும் இரண்டு நாளுக்கு மேல் கழிச்சல் நீடித்தால் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.