உராய்வு மின்னேற்றமா, தொடுபிரி மின்னேற்றமா?

மட்டக்களப்புப் பாடசாலைகளில் நிலைமின்னியலைத் தொடங்கும்போது, கம்பளியால் தேய்த்த எபனைட்டுக் (கடின இறப்பர்) கோல் கடதாசித் துணுக்குகளை ஈர்ப்பதைக் காட்டி, அதற்கு 'உராய்வு மின்னேற்றம்' என்று பெயர் சொல்கிறோம். தேய்ப்பதால் மின் பிறக்கிறது என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் ஊன்றிவிடுவதால், இப்பெயரை மாற்ற வேண்டும் என்று கருதுகிறேன். அங்கே புதிதாக எதுவும் பிறப்பதில்லை. கோல் எவ்வளவு மறையேற்றம் பெறுகிறதோ அவ்வளவு நேரேற்றத்தைக் கம்பளி பெறுகிறது. கோலில் சேர்ந்தது 1 நனோகூலோம் என்றால், அது ஏறத்தாழ 624 கோடி இலத்திரன்களின் ஏற்றத்துக்குச் சமன். தேய்த்தல் செய்வதெல்லாம், இரு மேற்பரப்புகளும் உண்மையில் தொட்டுக்கொள்ளும் இடங்களைப் பெருக்குவதுதான்.

ஒட்டுநாடாவில் இரண்டு துண்டுகளை மேசைமேல் அருகருகே ஒட்டி, சட்டென்று உரித்து, தொங்கவிட்டபடி ஒன்றையொன்று நெருங்கச் செய்யுங்கள். இரண்டும் விலகி வளையும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, விரலால் நீவிவிட்டுப் பிரித்தால், இம்முறை ஈர்க்கும். உராய்வு எங்கும் இல்லை. தொடுதலும் பிரிதலுமே உண்டு. (கச்சான் காற்று வீசும் வறண்ட நாட்களில் இது நன்றாக அமையும். மாரியில் மேற்பரப்பில் படியும் ஈரப்படலத்தின் வழியே ஏற்றம் கசிந்துவிடுவதால், அப்போது செய்துகாட்டி ஏமாற வேண்டாம்.)

ஆகவே 'தொடுபிரி மின்னேற்றம்' என்ற வினைத்தொகையை முன்மொழிகிறேன். 'தொடுகை மின்னேற்றம்' போதாதா என்று கேட்கலாம். ஏற்றப்பட்ட கோலைப் பொன்னிலை மின்காட்டியின் (ஏற்றம் இருப்பதை மெல்லிய பொன்னிலைகள் விரிந்து காட்டும் கருவி) தட்டில் தொடவைத்து ஏற்றுவதையே மாணவர் அப்பெயரால் அறிவர். ஒரே சொல் இரு செயல்களுக்கும் நின்றால் விடைத்தாளில் குழப்பமே மிஞ்சும். பிரிதலையும் சேர்த்துச் சொல்வதால் அந்த இடர் நீங்குகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. பட்டால் தேய்த்த கண்ணாடி நேரேற்றம் பெறும், ஆனால் எந்தப் பொருளுக்கும் தனக்கென நிலையான குறி கிடையாது. இணைசேரும் பொருளைப் பொறுத்தே அது மாறும். ஒன்றோடொன்று தொட்டுப் பிரியும்போது எது நேரேற்றம், எது மறையேற்றம் பெறும் என்ற முறையில் பொருள்களை அடுக்கும் பட்டியலை 'தொடுபிரி வரிசை' என்று அழைக்கலாம். 'உராய்வு வரிசை' என்றால், உராய்வுக் குணகத்தின்படி அடுக்கியது என்றே பொறிமுறை படித்த மாணவர் விளங்கிக்கொள்வார்.