ஃபியெல் என்னும் நிலத்துக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

மரம் வளராத உயர்ந்த மலைநிலத்தைக் குறிக்கும் நார்வீஜியச் சொல்லான ஃபியெல்லுக்கு (fjell) ‘வறள் பீடபூமி’ என்ற தமிழ்க் கலைச்சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதன் இரண்டு உறுப்புகளும் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

ஃபியெல் நீரின்றி வெறுமையான நிலமன்று. நார்வேயின் ஹார்டாங்கர்விடா என்னும் மேட்டுநிலத்தில் ஏரிகளும் ஓடைகளும் சதுப்புகளும் நிறைந்திருக்கின்றன. ஆண்டில் பல மாதங்கள் அது பனி மூடியே கிடக்கும். பனியுகத்துப் பனிப்பாளங்கள் மேல்மண்ணைச் சுரண்டிச் சென்றதாலும், கோடையிலும் மரம் வளரப் போதிய வெப்பம் கிடைக்காததாலுமே அங்கே பாறையும் பாசியும் லைக்கனும் (பூஞ்சையும் பாசியினமும் இணைந்து வாழும் உயிரி) குறுஞ்செடிகளும் எஞ்சியிருக்கின்றன. காட்டு ரெயின்டீர் மான்கள் குளிர்காலத்தைக் கடப்பது பெரும்பாலும் அந்த லைக்கனை மேய்ந்துதான். வெறுமைக்குக் காரணம் குளிராக இருக்க, ‘வறள்’ என்ற அடை படிப்பவரைத் தவறான திசையில் கொண்டுபோகும். ‘சுரம்’, ‘பாலை’ ஆகிய பழஞ்சொற்கள் எனக்கு மிகவும் விருப்பமானவை என்றாலும், வெயிலோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்துவிட்ட அவற்றை இங்கே ஆள மனம் ஒப்பவில்லை.

பீடபூமி என்பதிலும் சிக்கல் உண்டு. சராசரியாக 1,100 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் ஹார்டாங்கர்விடாவுக்கு அது பொருந்தும். ஆனால் அத்தகைய அகன்ற வெளியை நார்வீஜியர் ‘விடே’ என்றே குறிப்பிடுகின்றனர். நார்வேயின் இன்னொரு மலைப்பகுதியான டோவ்ரஃபியெல்லிலோ 2,286 மீட்டர் உயரமுள்ள ஸ்னோஹெட்டா சிகரமே அடங்கியிருக்கிறது. ஆங்கில அகராதிகள் தரும் ‘பாறைப் பீடபூமி’ என்ற பொருள், மூலமொழியில் மலையையும் மரவரம்புக்கு (மரம் வளரக்கூடிய உயர எல்லைக்கு) மேற்பட்ட நிலத்தையும் சுட்டும் சொல்லின் ஒரு பகுதி மட்டுமே.

ஆகவே ஃபியெல்லுக்கு ‘மொட்டை மேட்டுநிலம்’ என்றும், விடேக்கு ‘மேட்டுவெளி’ என்றும் முன்மொழிகிறேன். ‘மொட்டை’ பேச்சுவழக்காயிற்றே என்று சிலர் தயங்கலாம். மரமற்ற குன்றை மொட்டைமலை என்று நம் ஊர்களில் இயல்பாகவே சொல்கிறோம். நார்வீஜியரும் வெறுமையைக் குறிக்கும் ‘ஸ்னௌ’ என்ற எளிய அடையைச் சேர்த்து ‘ஸ்னௌஃபியெல்’ என்கின்றனர். மேட்டுநிலம் என்பது சமதளமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இடப்பெயர்களை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்ப்பதே முறை. பழைய எழுத்துமுறையில் இறுதியில் நிற்கும் டகரம் நார்வீஜிய உச்சரிப்பில் ஒலிப்பதில்லை. எனவே ‘ஃபியெல்ட்’ என்று எழுதாமல் ‘ஃபியெல்’ என்றே கொள்ளலாம். ஸ்வீடனின் வடமேற்கு மலைநிலங்களுக்கு வழங்கும் இனச்சொல்லும் ஏறக்குறைய இதே ஒலியுடையதாதலால், அதற்கும் இந்தக் கலைச்சொல்லே போதுமானது.