2ஏ–3பி வித்தியாசம்: சேர்ந்து பதில் எழுதுவது சரியா?

கேள்வி:
விற்றவர்கள் காட்டிய விவரம் வரும் ஜிஎஸ்டி 2ஏ படிவத்துக்கும் நாம் தாக்கல் செய்த 3பி படிவத்துக்கும் இடையே 2018-19க்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுக்கும் கழிவு) வித்தியாசம் என்று பல சிறு வியாபாரிகளுக்கு ஒரே மாதிரி டிஆர்சி-01 (வரி கேட்கும் நோட்டீஸ்) வந்திருக்கிறது. ஒரே வரைவை எல்லோரும் போடலாமா?

பதில் 1:
சட்ட வாதத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள், உண்மை விவரத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். அப்படியே நகலெடுத்தால் அடுத்தவர் ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) உங்கள் பதிலில் தங்கிவிடும், அதிகாரிக்கும் நம்பிக்கை போகும்.

பொதுப் பகுதிக்கு, இந்த வித்தியாசத்தைக் கையாள்வது பற்றி மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட 27.12.2022 தேதியிட்ட 183ஆம் சுற்றறிக்கை போதும். 2017-18, 2018-19க்கு அது நேரடியாகப் பொருந்தும். விற்றவர்வாரியாக அட்டவணை போடுங்கள்: பில் எண், தேதி, வரி, பணம் கொடுத்த வங்கிப் பதிவு. ஒரு விற்பனையாளரிடம் ஆண்டு வித்தியாசம் 5 லட்சம் வரை என்றால் அவரே தரும் சான்று போதும். அதைத் தாண்டினால் சிஏ (பட்டயக் கணக்காளர்) அல்லது சிஎம்ஏ (செலவுக் கணக்காளர்) சான்று வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: மொத்தத் தொகையைப் பார்த்து வீணாகச் சிஏ சான்று தேடுகிறார்கள். வரம்பு ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனி.

பதில் 2:
நோட்டீஸுக்குப் பதில் தரும் படிவமான டிஆர்சி-06ல் நேரில் விசாரணை வேண்டுமா என்ற இடத்தில் 'ஆம்' என்றே கொடுங்கள். பாதகமான உத்தரவுக்கு முன் விசாரணை தருவது ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 75(4)படி கட்டாயம், மறுத்தால் அதுவே வலுவான வாதம். ஜிஎஸ்டி போர்ட்டலில் 'கூடுதல் நோட்டீஸ்கள்' பகுதியையும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், பல நோட்டீஸ்கள் கண்ணில் படாமல் போவது அங்கேதான்.

பதில் 3:
உத்தரவு வந்துவிட்டால் ஏபிஎல்-01 (மேல்முறையீட்டுப் படிவம்), 3 மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் மேலும் 1 மாதம். ஒப்புக்கொண்ட வரி முழுவதும், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மேல்முறையீடு தனித்தனியாகத்தான்.